வந்ததை அப்படியே அனுப்புகிறேன்

சோஷியல் மீடியாவில் நாகரிகம் வேணும், பாதுகாப்பு வேணும்னு யாராவது பேச ஆரம்பிச்சா, பேச்சு நேரா கெட்ட வார்த்தையில் போய் நின்னுடுது. முகம் தெரியாதவன் வந்து குடும்பத்தை இழுத்துத் திட்டுறான், பொம்மைப் படம் வச்சவன் மிரட்டுறான், ஒரு பெண் நாலு வரி எழுதினா கும்பலா வந்து அசிங்கம் பண்றான்... எல்லாம் உண்மைதான் மக்களே. நான் இல்லைன்னு சொல்லலை. அதில் அடிபட்டவங்க இதைப் படிக்கிறவங்களிலேயே இருக்கீங்க.

ஆனா எனக்கு ரொம்ப நாளா ஒரு உறுத்தல். 2018-ல் நம்ம நாட்டுல வாட்ஸப் செய்தியை நம்பி ஆளை அடிச்சே கொன்னாங்களே, அந்தச் சம்பவங்களை எடுத்துப் பாருங்க. அங்கே செய்தியை அனுப்பினவங்கள்ல பெரும்பாலானவங்க கெட்ட வார்த்தை பேசறவங்க இல்லை. முகம் தெரியாதவங்களும் இல்லை. நல்லது நினைச்சவங்க. "பிள்ளைங்களைப் பத்திரமா பாத்துக்கோங்க"ன்னு சொந்தக்காரங்களுக்குச் சொன்னவங்க. நாகரிகம் பற்றிய நம்ம பேச்சு எல்லாம் ரவுடியைப் பிடிக்கிறதுலயே இருக்கு. அன்பா, அக்கறையா வர்ற ஆபத்தைப் பிடிக்க நம்மகிட்ட எந்த வழியும் இல்லை. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

2018 மே 9. திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கத்துல அத்திமூர். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வம் கோயிலைத் தேடி காரில் போகுது. மலேசியாவிலிருந்து வந்த சொந்தக்காரங்களும் கூட. வழி கேட்க வண்டியை நிறுத்துறாங்க. அங்கே இருந்த பசங்களுக்கு சாக்லேட் குடுக்கிறாங்க. வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தம் கையில் சாக்லேட் இருக்கும், எதிர்ல பிள்ளைங்க நின்னா குடுப்பாங்க. நம்ம வீட்டிலும் அதைத்தானே செய்வோம்? ஊர் கூடிடுச்சு. பிள்ளை பிடிக்கிற கும்பல்னு முடிவு கட்டிட்டாங்க. 65 வயசு அம்மா ஒருத்தர் அங்கேயே அடிபட்டுச் செத்துப் போனார். கூட வந்த மத்தவங்களுக்கும் பலத்த காயம்.

அதே நாள் பழவேற்காட்டில், புத்தி சரியில்லாம சுத்திக்கிட்டிருந்த ஒருத்தரை அடிச்சுக் கொன்னு பாலத்தில் தொங்கவிட்டாங்க. காரணம் அதே வதந்தி.

அந்த மாசங்கள்ல நம்ம வட மாவட்டங்கள்ல வாட்ஸப்பில் சுத்தினது என்ன? "வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கு, இந்தி பேசறவனைப் பார்த்தா உஷார்." பிள்ளை பிடிக்கிறவன் நமக்குப் புதுசா என்ன? சோறு சாப்பிடலைன்னா சாக்குப் பையோட வருவான்னு பயமுறுத்தித்தான் வளர்த்தாங்க. ஆத்துல பாலம் கட்டினா "நரபலிக்குப் பிள்ளை தேடுறாங்களாம்"னு தெருவில் பேசுவாங்க. ரெண்டு நாள் பள்ளிக்கூடம் போக பயப்படுவோம், மூணாம் நாள் மறந்துடும். கதை பழசு. அது போய்ச் சேர்ற வேகம்தான் புதுசு.

வேகம்னா என்னன்னு சொல்ல இன்னொரு சம்பவம். 2018 ஜூலை 13, கர்நாடகாவில் பீதர் மாவட்டம். ஹைதராபாத்திலிருந்து வந்த நண்பர்கள் சிலர், வழியில் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு சாக்லேட் குடுக்கிறாங்க. (மறுபடியும் சாக்லேட். இந்தச் செய்திகளைப் படிச்சதிலிருந்து வெளியூர்ல எந்தப் பிள்ளையைப் பார்த்தும் பையில கை விட எனக்குத் தயக்கமா இருக்கு.) ஊர்க்காரங்க சந்தேகப்பட்டு சண்டைக்கு வர, ஆபத்து புரிஞ்சு காரில் கிளம்பித் தப்பிச்சுட்டாங்க. ஆனா கார் போறதுக்கு முன்னாடியே அவங்க வீடியோ முர்கிங்கிற அடுத்த ஊர் வாட்ஸப் குரூப்புக்குப் போயிடுச்சு. அங்கே வழியை மறிச்சுக் காத்துட்டு இருந்தாங்க. சாஃப்ட்வேர் வேலையில் இருந்த இளைஞர் ஒருத்தர் செத்துட்டார். காரை விட வேகமா ஒரு பொய் போச்சு. எனக்கு ராத்திரி தூக்கம் கெட்டது இந்த ஒரு வரியாலதான்.

வாட்ஸப் கம்பெனி "வதந்திகளை நம்பாதீர்கள், யோசித்து அனுப்புங்கள்"ங்கிற மாதிரி பத்து யோசனை சொல்லி இந்தியப் பத்திரிகைகள்ல முழுப் பக்க விளம்பரம் குடுக்க ஆரம்பிச்சது அதே ஜூலை 10-ம் தேதி. பீதர் சம்பவத்துக்கு மூணு நாள் முன்னாடி. அந்த விளம்பரத்துக்கு முன்னாடி ஜூலை 1-ல் மகாராஷ்டிராவில் துலே மாவட்டம் ராயின்பாடாவில், வாரச் சந்தைக்கு வந்த நாடோடி சமூகத்து ஆட்கள் 5 பேரைக் கொன்னிருந்தாங்க. அதுக்கும் முன்னாடி ஜூன் 28-ல் திரிபுராவில் நடந்தது இன்னும் கொடுமை. "பிள்ளை பிடிக்கிற கதையெல்லாம் பொய், நம்பாதீங்க"ன்னு ஊர் ஊரா ஒலிபெருக்கி வச்சு அறிவிக்க அரசாங்கம் ஒரு ஆளை அனுப்புச்சு. அந்த ஆளையே பிள்ளை பிடிக்கிறவன்னு சொல்லி அடிச்சுக் கொன்னுட்டாங்க. அறிவுரை எவ்வளவு தூரம் வேலை செய்யும்னு இதுக்கு மேல யாரும் விளக்க வேண்டியதில்லை.

சரி, இதையெல்லாம் எவன் கிளப்பி விட்டான்? அவனைப் பிடிச்சு உள்ளே போட்டா முடிஞ்சு போச்சே?

எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணும், உங்களுக்கும் தோணும். இங்கேதான் கராச்சி வீடியோ கதை வருது. பைக்கில் ரெண்டு பேர் வர்றாங்க, தெருவில் விளையாடற பிள்ளையைத் தூக்கிட்டுப் பறந்துடறாங்க. அந்த வருஷம் இந்தியா முழுக்கச் சுத்தின வீடியோ. நிறைய பேர் பார்த்திருப்பீங்க. அது பாகிஸ்தான்ல, கராச்சியில், காணாமல் போகும் குழந்தைகளுக்காக வேலை செய்யற ரோஷ்னி ஹெல்ப்லைன் என்கிற தொண்டு நிறுவனத்துக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுசா பார்த்தா, தூக்கிட்டுப் போனவங்க திரும்பி வந்து பிள்ளையை இறக்கி விட்டுட்டு, உங்க பிள்ளைங்களைக் கவனமா பாத்துக்கங்கங்கிற அர்த்தத்துல ஒரு அட்டையைப் பிடிச்சுக் காட்டுவாங்க. அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிட்டு மீதி நம்ம ஊருக்கு வந்துடுச்சு.

இப்போ சொல்லுங்க, முதல்ல அனுப்பினவர் யாருன்னு தேடிப் போனா எங்கே போய் நிப்போம்? குழந்தைகளைக் காப்பாத்த படம் எடுத்த ஆட்கள்கிட்ட. நடுவில் வெட்டினவன் ஒருத்தன் இருப்பான், வாஸ்தவம். அவனைப் பிடிச்சா தண்டிக்கட்டும். ஆனா அவன் அனுப்பினதால மட்டும் அது அத்திமூர் மாதிரி ஊருக்கெல்லாம் வந்து சேராது. நடுவில் ஆயிரக்கணக்கான அண்ணன், அக்கா, சித்தப்பா, டீச்சர், பால்காரர்னு தெரிஞ்சவங்க கை வழியாத்தான் இந்த மாதிரி வீடியோவும் ஆடியோவும் வரும். தெரிஞ்சவங்க கையிலிருந்து வந்ததாலதான் நம்பினாங்க.

இதனாலதான் "முதல் ஆளைக் கண்டுபிடி"ங்கிற வழியில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த வாதம் பெரிசானதே நம்ம சென்னை உயர்நீதிமன்றத்தில்தான். சோஷியல் மீடியா கணக்கோட ஆதாரை இணைக்கணும்னு 2018-ல் போட்ட வழக்கு, 2019-ல் வாட்ஸப் செய்தியை முதல்ல எழுதினவரைக் கண்டுபிடிக்க முடியுமாங்கிற கேள்வியா மாறுச்சு. சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி (பின்னாடி அங்கேயே இயக்குநர் ஆனவர்) முடியும்னு ஒரு வழி சொன்னார். மும்பை ஐஐடி பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அது சரிப்படாதுன்னு பதில் எழுதினார். 2021 பிப்ரவரியில் வந்த ஐடி விதிகளில் அது சட்டமாவே வந்துடுச்சு. வாட்ஸப் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போச்சு. பூட்டை உடைக்கச் சொன்னா நாங்க கிளம்பிடுவோம்னு 2024-ல் அவங்க வக்கீல் கோர்ட்டிலேயே சொன்னார்.

அந்தக் கம்பெனி மேல எனக்கு ஒண்ணும் பாசம் இல்லை. ஆனா போலீஸ் கையில் இந்த மாதிரி ஒரு சாவியைக் குடுத்தா அது எந்தக் கதவைத் திறக்கும்னு நாம ஏற்கனவே பார்த்தாச்சு. ஐடி சட்டம் 66ஏ ஞாபகம் இருக்கா? 2012 அக்டோபர்ல புதுச்சேரியில் ஒரு தொழிலதிபரை அதில் கைது பண்ணினாங்க, அன்றைய மத்திய நிதியமைச்சரோட மகனைப் பற்றி ட்விட்டர்ல எழுதினதுக்காக. அடுத்த மாசம் மும்பைக்குப் பக்கத்துல பால்கரில் ரெண்டு பொண்ணுங்களைக் கைது பண்ணினாங்க. ஒருத்தி பால் தாக்கரே இறந்தப்ப நடந்த கடையடைப்பு பற்றி ஃபேஸ்புக்கில் எழுதினா, இன்னொருத்தி அதுக்கு லைக் போட்டா. அவ்வளவுதான் குற்றம். 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே தூக்கிப் போட்டுடுச்சு. தூக்கிப் போட்ட பிறகும் போலீஸ் அதில் வழக்கு போட்டுக்கிட்டே இருந்திருக்குன்னு தெரிஞ்சு 2021-ல் உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி அடைஞ்சது. நாகரிகத்தைக் காப்பாத்தறேன்னு போட்ட சட்டம் யாரைக் காப்பாத்துச்சுன்னு நீங்களே பாத்துக்கங்க.

அப்போ என்னதான் செய்யறது?

என் வயசு ஆட்களுக்கு அஞ்சலட்டை ஞாபகம் இருக்கும். "இந்தக் கடிதம் கிடைத்தவர் இதேபோல் 13 பேருக்கு எழுதி அனுப்பவும். அனுப்பியவருக்கு லாட்டரியில் பரிசு விழுந்தது. கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கினார்." எங்க அத்தை அந்தக் கார்டு வந்தா அலறுவாங்க. 13 கார்டு வாங்கக் காசு வேணும். 13 கார்டும் கையால எழுதணும். அஞ்சாவது கார்டு எழுதறப்பவே கை வலிக்கும், பாதி சாமி பயம் போயிடும். ஏழோட நிறுத்திட்டு "மீதியை சாமி மன்னிச்சுக்கும்"னு எழுந்துடுவாங்க. அத்தையைத் தடுத்தது பகுத்தறிவு இல்லை சாமி, மணிக்கட்டு. :-)

1995 செப்டம்பர் 21-ல் பிள்ளையார் பால் குடிச்ச கதை மட்டும் ஒரே நாளில் எப்படி நாடு முழுக்கப் பரவுச்சுன்னு கேப்பீங்க. பரவுச்சுதான், போன்லயும் வாய்லயும். ஆனா வாயால சொல்லணும்னா, கேக்கறவன் ஒரு கேள்வி கேப்பான்: "யாரு சொன்னா? நீ பாத்தியா?" அதுக்குப் பதில் சொல்லித்தான் ஆகணும். ஃபார்வர்டு பட்டன் அந்தக் கேள்வியை ஒழிச்சுடுச்சு. அதுக்குப் பதிலா நமக்கு ஒரு மந்திரம் கிடைச்சுது: "வந்ததை அப்படியே அனுப்புகிறேன்." என் பொறுப்பு இல்லைன்னு அதுக்கு அர்த்தம். பால்காரர் "வந்த பாலை அப்படியே ஊத்துறேன், கெட்டுப் போயிருந்தா நான் பொறுப்பில்லை"ன்னு சொன்னா அடுத்த நாள் அவர்கிட்ட வாங்குவோமா?

ஆக, மணிக்கட்டு வலியை எப்படித் திரும்பக் கொண்டு வர்றதுங்கிறதுதான் என்னோட கேள்வி. இது ஒண்ணும் புது யோசனை இல்லை. 2012 ஆகஸ்ட்ல வடகிழக்கு மாநிலத்து ஆட்களை அடிக்கப் போறாங்கன்னு எஸ்எம்எஸ் சுத்தி, பெங்களூரிலிருந்து ஆயிரக்கணக்கில் ரயிலேறி ஊருக்குப் போனாங்களே, அப்போ மத்திய அரசு 15 நாளைக்கு மொத்தமா எஸ்எம்எஸ் அனுப்பறதைத் தடை பண்ணி, 5-க்கு மேல கூடாதுன்னு சொல்லுச்சு. அப்புறம் அதை 20 ஆக்கினாங்க. 2018 ஜூலையில் வாட்ஸப்பும் அதே 5-க்குத்தான் வந்தது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 இடத்துக்கு மேல ஃபார்வர்டு பண்ண முடியாது. 2019 ஜனவரியில் உலகம் பூரா அதே 5. 2020 ஏப்ரல்ல, ஏற்கனவே பல கை மாறி வந்த செய்தின்னா (ரெண்டு அம்புக்குறி போட்டு வருமே, அது) ஒரு நேரத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப முடியும்னு மாத்தினாங்க. அப்படிக் கை மாறுற செய்திகள் அதுக்கப்புறம் 70 சதவீதம் குறைஞ்சதுன்னு கம்பெனியே சொல்லுச்சு. கம்பெனி சொல்ற கணக்குதான், உப்பைப் போட்டே சாப்பிடுங்க. ஆனாலும் யோசிச்சுப் பாருங்க. அந்த முழுப் பக்க விளம்பரம் ஒருத்தரைக்கூட மாத்தினதா எனக்குத் தெரியலை. ஒரு பட்டனைக் கொஞ்சம் கடினமாக்கினது மாத்தியிருக்கு.

ட்விட்டரும் (2023-லிருந்து எக்ஸ்) ஒரு தடவை முயற்சி பண்ணுச்சு. கட்டுரையைத் திறக்காமலே பகிரப் போனா "படிச்சிட்டீங்களா?"ன்னு ஒரு கேள்வி. அந்தக் கேள்வியைப் பார்த்தவங்க கட்டுரையைத் திறக்கறது 40 சதவீதம் கூடுச்சுன்னு 2020-ல் சொன்னாங்க. அதே வருஷம் அமெரிக்கத் தேர்தல் நேரத்தில், சும்மா மறுபதிவு பண்ணாம சொந்தமா ஏதாவது எழுதிப் போடுங்கன்னு தூண்டினாங்க. மொத்தப் பகிர்தல் 20 சதவீதம் குறைஞ்சது. ஆனா எழுதினவங்க என்ன எழுதினாங்க? அதில் 45 சதவீதம் "ஆமா", "சரி" மாதிரி ஒரே வார்த்தை. டிசம்பர்ல அதைக் கைவிட்டுட்டாங்க. வேகத்தடை போட்டதும் சிந்தனை வந்துடும்னு எதிர்பார்த்தா இப்படித்தான் ஆகும். வேகம் குறையும், அவ்வளவுதான். எனக்கு அதுவே போதும்னு படுது. பீதர்ல ஒரு அரை மணி நேரம் தாமதம் ஆகியிருந்தா அந்தக் கார் முர்கியைத் தாண்டியிருக்கும்.

ஃபார்வர்டு அளவைக் குறைச்சா செய்தி பரவறது தாமதம் ஆகும், ஆனா ரொம்ப வேகமாப் பரவற செய்தியை அது மட்டும் தடுத்துடாதுன்னு பிரேசில் ஆய்வாளர்களும், அப்போ எம்ஐடியில் இருந்த கிரண் கரிமெல்லாவும் சேர்ந்து 2019-ல் எழுதினாங்க. சரியாத்தான் சொல்லியிருக்காங்க. இன்னொரு பக்கம் கம்பெனியோட நல்ல மனசைப் பாருங்க: 2018-ல் ஒரு குரூப்பில் 256 பேர். 2022-ல் அதை 512 ஆக்கினாங்க, அதே வருஷம் 1024 ஆக்கினாங்க. ஒரு கையால வேகத்தடை போட்டுட்டு இன்னொரு கையால ரோட்டை அகலப்படுத்தற வேலை. நம்ம நெடுஞ்சாலைத் துறைக்கே இப்படித் தோணாது.

2023 மார்ச்சில் இது நம்ம பக்கமே திரும்புச்சு. 2018-ல் நம்ம ஊர்ல சுத்தினது இந்தி பேசறவங்களைப் பற்றின பொய். 2023-ல் பீகார்ல சுத்தினது நம்மைப் பற்றின பொய். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிச்சுக் கொல்றாங்கன்னு வீடியோக்கள். அதில் ஒண்ணு பீகார் ஆட்களுக்குள்ளேயே நடந்த சண்டை, இன்னொண்ணு கோயம்புத்தூர்ல உள்ளூர் ஆட்களுக்குள்ள நடந்தது. அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு இதை வீடியோவில் விளக்கினார். பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்புச்சு. ஹோலி நேரம் வேற, ஊருக்குப் போறவங்களில் எவர் பண்டிகைக்குப் போறார், எவர் பயந்து போறார்னு பிரிக்க முடியலை. திருப்பூர்ல பனியன் கம்பெனி வச்சிருக்கிற நண்பர் ஒருத்தர் அந்த வாரம் சொன்னது: "நான் நேர்ல நின்னு ஒண்ணும் இல்லடான்னு சொல்றேன். அவன் ஊர்ல இருக்கிற அவங்க அம்மா போன்ல அழுவுறாங்க. என்னை நம்புவானா, அம்மாவை நம்புவானா?"

அந்த அம்மாவுக்கும் அத்திமூர்க்காரருக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டு பேரும் பிள்ளைக்காகப் பயந்தவங்க. "உண்மையோ பொய்யோ, ஜாக்கிரதையா இருக்கிறது நல்லதுதானே"ங்கிறது ரெண்டு பேருக்கும் பொதுவான நியாயம். இந்த நியாயத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். அந்த ஜாக்கிரதைக்கு விலை குடுக்கிறது அனுப்பினவர் இல்லை. கோயிலுக்கு வழி கேட்ட யாரோ ஒரு அம்மா.

இனி வர்றதுதான் கஷ்டமான பகுதி. வாட்ஸப் கம்பெனியைத் திட்டறது சுலபம், குடும்ப குரூப்பில் பெரியப்பாகிட்ட "இது பொய்"னு சொல்றது அவ்வளவு சுலபம் இல்லை. நம்ம மரியாதை முறையில் அதுக்கு இடமே இல்லை. அவர் 70 வயசு, ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், நமக்குக் காதுகுத்துக்கு வந்தவர். அவர் காலையில் 6 மணிக்கு முருகன் படத்தோட வணக்கம் போடுவார், 6.10-க்கு ஒரு சமூகத்து ஆட்கள் சாப்பாட்டில் எதையோ கலக்கறாங்கன்னு வீடியோ போடுவார். நாம முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வீடியோவைத் தாண்டிப் போயிடுவோம். குரூப்பில் உள்ள 60 பேரும் அப்படித்தான். வெளியிலிருந்து பார்த்தா எவ்வளவு நாகரிகமான குரூப்! ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. ஆனா அந்த 60 பேரோட மௌனத்தை, பேசாம பார்த்துட்டிருக்கிற காலேஜ் பசங்க சம்மதம்னு எடுத்துக்குவாங்க. பெரியப்பா போட்டிருக்கார், யாரும் மறுக்கலை, அப்போ உண்மைதான்.

சில வீடுகள்ல இதுக்கு நேர் எதிர். படிச்ச மருமகன் ஒருத்தர் எல்லோர் முன்னாடியும் "மாமா, படிக்காம ஏன் குப்பையைப் போடறீங்க"ன்னு கேட்டுடுவார். அத்தோட மாமா குரூப்பை விட்டு வெளியே. அப்புறம் சமாதானம் பேச ஒரு கமிட்டி. மாமா திருந்தினாரான்னா இல்லை, அதே வீடியோவைத் தன்னை மதிக்கிற வேற குரூப்பில் போடுவார். எது உண்மைங்கிறது போயி, யார் மானம் போச்சுங்கிறது விவாதமாயிடும்.

நான் பார்த்த வரை வேலைக்கு ஆகிறது ஒண்ணே ஒண்ணு. குரூப்பில் பேசாம, தனியா போன் பண்றது. டைப் பண்றது இல்லை, குரல்ல பேசறது. முதல்ல உடம்பு எப்படி, மாத்திரை சாப்பிட்டீங்களான்னு விசாரிக்கணும். அப்புறம் "பெரியப்பா, நீங்க போட்ட அந்த வீடியோவை உங்களுக்கு யார் அனுப்பினாங்க?"ன்னு கேக்கணும். பழைய கேள்விதான், யாரு சொன்னா? "அது நம்ம ஊர்ல எடுத்தது இல்லையாம், பழசாம், நீங்களே எடுத்துட்டா நல்லா இருக்கும். நீங்க சொன்னா எல்லோரும் நம்பிடுவாங்க, அதான் சொல்றேன்." கடைசி வரி முக்கியம். அது முகஸ்துதி இல்லை, நிஜமாவே அதுதான் பிரச்சினை. எங்க வீட்டு அனுபவத்தில் பெரியவங்க நிறைய பேர் தாங்களே எடுத்துடறாங்க. கோபப்பட்டவங்களும் உண்டு. ரெண்டு மாசம் பேசாதவங்களும் உண்டு. இதைச் செய்ய நேரம் பிடிக்கும், பத்து நிமிஷ போனுக்குப் பத்து வீடியோ வந்து விழும். ஆனா அத்திமூரை நினைச்சா பத்து நிமிஷம் எனக்குப் பெரிசா தெரியலை.

அட்மின் அண்ணாச்சிகளுக்கு ஒரு வார்த்தை. குரூப்பில் எவனோ போட்டதுக்கு அட்மின்ங்கிற ஒரே காரணத்துக்காக உங்களைக் குற்றவாளி ஆக்க முடியாதுன்னு கரூர் வக்கீல்கள் குரூப் வழக்கில் 2021 டிசம்பர்ல மதுரைக் கிளை சொல்லியாச்சு. பயப்படாதீங்க. ஆனா 2022-லிருந்து யார் போட்டதையும் எல்லோருக்கும் அழியற மாதிரி நீக்கற வசதி உங்க கையில் இருக்கு. அதைப் பிறந்தநாள் வாழ்த்துல எழுத்துப்பிழை பார்க்க மட்டும் வச்சுக்காதீங்க.

அனுப்பினவங்களுக்குச் சட்டம் இவ்வளவு கருணை காட்டலைங்கிறதும் தெரிஞ்சிருக்கணும். எஸ்.வி.சேகர் 2018 ஏப்ரல்ல பெண் பத்திரிகையாளர்களைக் கேவலப்படுத்தின ஒரு பதிவை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். படிக்காம பகிர்ந்துட்டேன்னார். கண்ணுக்கு மருந்து போட்டிருந்தார், அதான் படிக்கலைன்னு உச்ச நீதிமன்றம் வரைக்கும் அவர் வக்கீல் வாதாடினார். பகிர்றது ஏத்துக்கிட்டதுக்குச் சமம்னு உயர்நீதிமன்றம் 2018-லேயே சொல்லிடுச்சு. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாசம் தண்டனை குடுத்துது, 2025 ஜனவரியில் உயர்நீதிமன்றம் அதை உறுதி பண்ணுச்சு. ஆறு வருஷத்துக்கு மேல ஓடின வழக்கு அது. நம்ம பெரியப்பாக்களைக் கோர்ட்டுக்கு இழுக்கணும்னு நான் சொல்லலை, அதுக்குக் கோர்ட்டும் பத்தாது. படிக்காம அனுப்பினேங்கிறது மன்னிப்பு வாங்கித் தராதுன்னு அவங்களுக்குப் புரிய வைக்க இந்தக் கதை நல்லா உதவுது. சினிமா ஆள் கதைங்கிறதால கவனமாக் கேக்கறாங்க.

எங்க வீட்டில் என் பெரியம்மா ஒருத்தர் இப்போ எதை அனுப்பறதுக்கு முன்னாடியும் எனக்குத் தனியா அனுப்பி "இது நெசமா?"ன்னு குரல் செய்தி போடறாங்க. ஒரு நாளைக்கு நாலு வருது. நானும் ஆபீஸ் ஆணிக்கு நடுவில் உக்காந்து தேடிப் பதில் சொல்றேன். நேத்து வந்தது: வெந்தயத்தை ஊற வச்சு ராத்திரி கால்ல கட்டிக்கிட்டா சர்க்கரை ஏழே நாள்ல போயிடுமாம். நெசம் இல்லை பெரியம்மா, மாத்திரையை நிறுத்திடாதீங்கன்னேன். "சரிப்பா, யாருக்கும் அனுப்பலை. ஆனா வெந்தயம் ஊற வச்சாச்சு, அதை என்ன பண்றது?"ன்னு கேட்டாங்க. தோசைக்கு அரைச்சுடுங்கன்னு சொல்லியிருக்கேன்.